நிகர்ப்பதிவு

எங்கள் பல்கலைக்கழகத்தில் விவாதம் மூன்று தவணைகளில் நடக்கும். புதன் மாலைக்குள் ஒவ்வொருவரும் தன் கருத்தைப் பதிய வேண்டும். சனி மாலைக்குள் குழுவில் இரண்டு பேருக்காவது பதில் எழுத வேண்டும். வந்த பதில்களைப் படித்துவிட்டு, திங்கள் மாலைக்குள் அவரவர் பதிவின் கீழே ‘இறுதிச் சொல்’ எழுதி முடிக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். செவ்வாய்க்குள் ஆசிரியர் திருத்திக் கருத்துச் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியர் நான்.

இந்த ஏற்பாட்டுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளப் பேசியவளும் நானேதான். அதற்கு முன் ஒரே கெடு, ஞாயிறு. எல்லோரும் கடைசி நேரத்தில் ஓடிவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் படிக்க மாட்டார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். அதற்கு விவாதம் என்று பெயர் வைத்து மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டிருந்தோம்.

தவணை வந்த பிறகு நிலைமை தேறியது. ஆனால் புதன்கிழமையைத் தவறவிடும் ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் நாலு பேர் எழுதாமல் விட்டால் மீதி நாலு பேர் யாருக்குப் பதில் எழுதுவார்கள்? ஒழுங்காக எழுதியவர்களுக்குத்தான் மதிப்பெண் குறைந்தது. புகார்கள் வந்தன. அதனால் கூடம் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. கூடம் என்பது எங்கள் இணைய வகுப்பறையின் பெயர்.

வசதி இதுதான். புதன் மாலை தாண்டியும் நீங்கள் எழுதவில்லை என்றால், அதுவரை நீங்கள் வகுப்பில் எழுதிய எல்லாவற்றையும் கூடம் ஒரு முறை படிக்கும். நீங்கள் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ அதைத் தானே எழுதி உங்கள் பெயரில் போட்டுவிடும். அதற்கு நிகர்ப்பதிவு என்று பெயர் வைத்தார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு சாம்பல் நிறக் குறி இருக்கும். திங்கள் மாலைக்குள் நீங்கள் வந்து அதை ஏற்கலாம், திருத்தலாம், அல்லது நீக்கிவிட்டு, காரணம் சொல்லி, சொந்தமாக எழுதலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பாதி மதிப்பெண் உண்டு. சனிக்கிழமைப் பதில்களுக்கும் இதே வசதி இருந்தது.

மாணவர்கள் அதை டூப்பு என்றார்கள். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரைச் சொல்வார்களே, அந்த டூப்பு. “இந்த வாரம் நான் வரல மேடம், டூப்பு பாத்துக்கும்” என்று கூச்சமில்லாமல் செய்தி அனுப்புவார்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

என் மாணவர்கள் எல்லோரும் வேலை பார்ப்பவர்கள். பாடம், பணியிட அறம். “பகல்ல ஆபீஸ்ல பொய் சொல்லிட்டு, சாயந்தரம் வந்து உண்மையைப் பத்திக் கட்டுரை எழுதுற ஆளுங்க” என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவரும் ஆபீஸ் போகிறவர்தான்.

ஏழாவது வாரத்துக்கு நான் கொடுத்த கேள்வி: அவசரத்துக்காக ஒரு விதியைத் தளர்த்துவது எப்போது சரி?

வியாழன் காலை காபியுடன் உட்கார்ந்து புதன்கிழமைப் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக வந்தது கோதண்டத்தின் பதிவு. கோதண்டம் நாமக்கல்காரர். ஒரு லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். நாற்பதைத் தாண்டியவர். பட்டம் வாங்கினால் கிளை மேலாளர் ஆகலாம் என்று கம்பெனியே கட்டணம் கட்டிப் படிக்க வைக்கிறது. எதையும் ஜாக்கிரதையாக எழுதுவார். ‘என்பது என் தாழ்மையான கருத்து’ என்று முடிக்காமல் அவருக்கு ஒரு பத்தியும் முடியாது. இந்த முறை இப்படி இருந்தது:

‘அவசரத்துக்காக விதியைத் தளர்த்தலாம் என்று சொல்பவர்கள், தளர்த்திய பிறகு வரும் மாதங்களைப் பற்றிச் சொல்வதில்லை. ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு லிஃப்ட் போட்டோம். மூன்று மாடி. கயிறு அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஒன்று லிஃப்டில் உண்டு. மணல் மூட்டைகளை ஏற்றி, ஓடவிட்டு, அது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறப்பு விழா நெருங்கிவிட்டது. மணல் வரவில்லை. பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்று ஒரு நாள் வரவே இல்லை. ஒரு முறை தளர்த்திய விதியைத் திரும்ப இறுக்குவதற்கு ஆள் கிடையாது என்பது என் தாழ்மையான கருத்து.’

நன்றாக எழுதியிருக்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். ‘பிறகு என்று ஒரு நாள் வரவே இல்லை’ என்ற வரியை மஞ்சளில் தீட்டிக்கூட வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஓரத்தில் இருந்த சாம்பல் குறி கண்ணில் பட்டது. இதைக் கோதண்டம் எழுதவில்லை. டூப்பு எழுதியது.

சனிக்கிழமைக்குள் பதில்கள் வந்து குவிந்தன. எங்கள் வகுப்பில் யாராவது மனதைத் திறந்து எழுதினால் அவருக்குப் பதில் எழுதுவது சுலபம், அதனால் எல்லோரும் அங்கேதான் மொய்ப்பார்கள். ‘மனதைத் தொட்ட பகிர்வு நண்பரே’ என்றார் ஒருவர். ‘உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். மூன்றாம் பாடத்தில் சொல்லப்படும் பொறுப்புணர்வுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு’ என்றார் இன்னொருவர். ஒருவர் விதிக்கும் மனசாட்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருந்தார், பாடநூல் மேற்கோளோடு. அவற்றில் இரண்டு பதில்களின் ஓரத்திலும் சாம்பல் குறி இருந்தது. டூப்பு போட்ட பதிவை டூப்பே வந்து பாராட்டிவிட்டுப் போயிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு வரி. எழுதியவர் ரஹ்மத்து நிஷா. புதுக்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். எப்போதும் தந்தி அடிப்பது போலத்தான் எழுதுவார், எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். அவர் கேட்டிருந்தார்: ‘அந்த லிஃப்ட் இப்ப ஓடுதா?’

அதைப் படித்ததும் கோதண்டத்தின் பதிவுக்கே திரும்பிப் போனேன். வியாழக்கிழமை காலையிலிருந்து நானும் இதைப் படித்திருக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பெனடிக்டைக் கூப்பிட்டேன். கூடத்தின் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன். எது உடைந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவோம்.

“பெனடிக்ட், நிகர்ப்பதிவுல வர்ற விஷயம் உண்மையா இருக்கணும்னு ஏதாவது இருக்கா?”

“அப்படி ஒண்ணும் இல்லையே மேடம். அதுக்கு உண்மை பொய் எல்லாம் தெரியாது. இந்த ஆள் அடுத்து என்ன சொல்லுவாருன்னு மட்டும்தான் தெரியும்.”

“அவர் சொல்லாத விஷயத்தை அது எப்படிச் சொல்லுது?”

“யாரு மேடம்?”

பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது.

“இவரு ரெண்டாவது வாரம் எழுதியிருக்காரு, ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் லிஃப்டைக் கையில குடுத்தோம்னு. பெருமையா எழுதியிருக்காரு. அஞ்சாவது வாரம் வேற கேள்விக்கு, அந்த வருஷம் மழையில ஒரு மாசம் மணல் லாரியே ஓடல, வேலையெல்லாம் நின்னு போச்சுன்னு எழுதியிருக்காரு. நடுவுல ஒரு வாரம், மணல் மூட்டை வெச்சுச் சோதிக்காம லிஃப்டைக் குடுக்கவே கூடாதுன்னு ஒருத்தர்கிட்ட சண்டை போட்டிருக்காரு. மூணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

நான் பார்த்தேன். மூன்றுக்கும் நான்தான் மதிப்பெண் போட்டிருந்தேன்.

“அப்ப உண்மையா இருக்குமா?”

“தெரியாது மேடம். கதையாவும் இருக்கலாம். அவரே வந்து ஏத்துக்கிட்டாத்தான் தெரியும். திங்கள் வரைக்கும் டயம் இருக்கே.” பிறகு அவனாகவே, “உங்களுக்கும் செவ்வாய் வரைக்கும் இருக்கு. நீங்க விட்டாலும் அது பாத்துக்கும். போன மாசம் ரெண்டு வாரம் நீங்க திருத்தல இல்ல? உங்க பேர்ல அதுதான் கருத்து போட்டுச்சு. யாருக்கும் வித்தியாசமே தெரியல” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆசிரியர்களுக்கும் இந்த வசதியை இந்தப் பருவத்திலிருந்து கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரம் எனக்குக் கழுத்து வலி. அப்போது அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அன்று இரவு கோதண்டத்திடமிருந்தே செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையாகத் திருச்சி வருகிறாராம், கொஞ்ச நேரம் பார்த்துப் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். திரையில் பார்த்ததைவிட உயரமான மனிதர். கம்பெனிச் சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். நான் உட்காரும்வரை நின்றார். டீ வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“அந்தப் பதிவு விஷயமாத்தானுங்க மேடம்.”

“அது டூப்பு போட்டது. தப்பா இருந்தா நீங்களே நீக்கிடலாமே.”

“நீக்கலாமுங்க. நீக்கினா காரணம் கேக்குது. ‘நான் சொல்லாத ஒண்ணை எழுதியிருக்கு’ன்னு போடலாம்னு உக்காந்தேன். அது நெசந்தானுங்க, நான் சொல்லலை. ஆனா சொல்லியிருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்தத் தாழ்மையான கருத்து உள்பட.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

“அப்ப நடந்ததுதானா?”

“நடந்ததுதானுங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லவங்க. அவங்க கேக்கவே இல்லை. எங்க மேனேஜர்தான், மந்திரி வர்றாரு, லிஃப்ட் ஓடலைன்னா மானம் போயிரும்னாரு. மணல் அடுத்த வாரம் வந்துரும், வந்ததும் பாத்துக்கலாம்னாரு. மணல் வந்துச்சு. அதுக்குள்ள லிஃப்டுல ஆளுங்க ஏறி எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்பப் போயி மூட்டை ஏத்துனா, ஏன் ஏத்தறேன்னு கேப்பாங்க இல்லீங்களா? மணல் மூட்டை ஏத்தறது யாருக்கும் தெரியாமப் பண்ற காரியம் இல்லீங்க.”

“ரெண்டு வருஷமா ஓடுதா?”

“ஓடுதுங்க. மாசா மாசம் நாந்தான் சர்வீஸுக்குப் போறேன். எண்ணெய் போடறேன், கயிறு பாக்கறேன். எல்லாம் நல்லா இருக்கு. அந்த ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியாது. தெரியாமயே மேல கீழ போய்ட்டு வருது. வயித்துப் புள்ளைக்காரிங்க ஏறும்போது நான் வேற பக்கம் பாத்துக்குவேன்.”

டீயில் ஆடை படிந்துவிட்டது. வேறு டீ கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“மேடம், ரெண்டு வருஷமா தொண்டையில வெச்சிருந்ததை அது ஒரு நிமிஷத்துல சொல்லிருச்சுங்க. புதன்கிழமை ராத்திரியே அதைப் படிச்சேன். வேலை போச்சு, போலீஸ் வரப்போகுதுன்னு நெனச்சேன். சனிக்கிழமை பாத்தா எல்லாரும் பாராட்டியிருக்காங்க. தலைவணங்கறேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு.” முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். “சொல்லிட்டா என்ன ஆகும்னுதானே மேடம் இத்தனை நாள் பயந்தேன். ஒண்ணுமே ஆகலைங்க. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

நான் அறவியல் சொல்லிக்கொடுப்பவள்தான், ஆனால் அது பாடத்தில் வரும் ஆட்களுக்கு. எதிரில் உட்கார்ந்து டீயை ஆறவிடும் ஆளுக்கு என்ன சொல்வது?

“நான் என்ன செய்யணும்னு எதிர்பாக்கறீங்க?” என்று கேட்டேன்.

அவர் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். “ஒரே ஒரு போன் பண்ணுங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு. உங்க லிஃப்டோட பிரேக்கைச் சோதிச்சாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க, போதும். நான் சொன்னா கம்பெனியக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும். புள்ளை காலேஜ் போறான், வேலை போனா எங்க குடும்பம் நிக்காது. வெளியாளு கேட்டா ஆஸ்பத்திரிக்காரங்க கம்பெனியக் கேப்பாங்க. ஆஸ்பத்திரி கேட்டுருச்சுன்னா கம்பெனி மறுபடி சோதிச்சுத்தான் ஆகணும், அது எங்க சட்டம். பழசை யாரும் கிளற மாட்டாங்க. பிடிச்சுதுன்னா நல்லது. பிடிக்கலைன்னாலும் மாத்திருவோம்.”

ஆஸ்பத்திரியின் பெயரையும் எண்ணையும் சொன்னார். நான் கைபேசியில் குறித்துக்கொண்டேன்.

“வகுப்புல பேசறதை வெளியே கொண்டு போகக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்கு, கோதண்டம். துறைத்தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யறேன்.”

“செய்ங்க மேடம்.”

“திங்கள் வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு. எனக்குச் செவ்வாய் வரைக்கும் இருக்கு.”

“இருக்குங்க” என்றார். எழுந்து, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், இரண்டு டீக்கும் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் துறைத்தலைவருக்கு எழுதினேன். பெயர் எதுவும் போடாமல், ஒரு மாணவரின் நிகர்ப்பதிவில் பொதுமக்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒன்று வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். திங்கள் காலை பதில் வந்தது. முக்கியமான பிரச்சினை என்றும், வியாழக்கிழமைக் கூட்டத்தில் விரிவாகப் பேசலாம் என்றும், அதுவரை வெளியே யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு தவணை கிடைத்துவிட்டது.

திங்கள் மாலை கோதண்டம் கூடத்துக்கு வந்தார். நிகர்ப்பதிவை நீக்கவில்லை. திருத்தவில்லை. ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினார். ஓரத்தில் இருந்த சாம்பல் குறி மறைந்து அது அவருடைய சொந்தப் பதிவாகிவிட்டது. அதன் கீழே, இறுதிச் சொல் எழுத வேண்டிய கட்டத்தில், நிஷாவின் கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார்: ‘ஓடுகிறது.’

கட்டணம் கட்டும் கம்பெனியும் அதைக் கூடத்தில் பார்க்க முடியும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். நான் போன் செய்துவிடுவேன் என்று நம்பி எழுதினாரா, செய்ய மாட்டேன் என்று தெரிந்துகொண்டு எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

செவ்வாய் முழுக்க அவருடைய பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு என்ன மதிப்பெண் போடுவது? என்ன கருத்துச் சொல்வது? ஆஸ்பத்திரியின் எண்ணை இரண்டு முறை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது, நீங்கள் யார் என்று கேட்டால் என்ன சொல்வது, நாளைக்கு இது விசாரணை என்று வந்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் அடிபடுமே, துறைத்தலைவர் வேறு எழுதி அனுப்பியிருக்கிறாரே. கூட்டம் வியாழக்கிழமைதானே, நடுவில் ஒரே ஒரு நாள்தானே என்று வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் ஓடிய லிஃப்ட் இன்னும் இரண்டு நாள் ஓடாதா என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. கோதண்டத்துக்கு எழுதாமல் மற்றவர்களுக்கு மட்டும் எழுதவும் மனம் வரவில்லை. குழு முழுவதையும் அப்படியே விட்டுவிட்டு, சாயந்தரம் கணவரோடு காய்கறி வாங்கப் போய்விட்டேன்.

புதன் காலை கூடத்தைத் திறந்தேன். கோதண்டத்தின் பதிவுக்குக் கீழே என் பெயரில் கருத்து வந்திருந்தது. ஓரத்தில் சாம்பல் குறி.

‘அன்புள்ள கோதண்டம், சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய நெகிழ்ச்சியான பதிவு. “பிறகு என்று ஒரு நாள் வரவே இல்லை” என்ற வரி மிகச் சிறப்பு. எனினும் இறுதிச் சொல்லை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம். வகுப்புத் தோழர்களின் கருத்துகளால் உங்கள் பார்வை எப்படி மாறியது என்று சொல்லியிருந்தால் விவாதம் நிறைவு பெற்றிருக்கும். தொடர்ந்து இதே நேர்மையுடன் எழுதுங்கள். பத்துக்கு ஏழு.’

நான் எழுதியிருக்க முடியாத ஒரு வாக்கியம் அதில் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டாம் முறை படித்தேன். ‘எனினும்’ என்று நான்தான் எப்போதும் போடுவேன். ஏழு மதிப்பெண்ணும் நான் போடுகிற ஏழுதான். பெனடிக்ட் சொன்னது நினைவுக்கு வந்தது, அதற்கு உண்மை பொய் தெரியாது, இந்த ஆள் அடுத்து என்ன சொல்வார் என்று மட்டும்தான் தெரியும். கோதண்டம் வாயைத் திறந்தால் என்ன சொல்வார் என்று அது சரியாகச் சொன்னது. நான் வாயைத் திறந்தால் என்ன சொல்வேன் என்றும் சொல்லிவிட்டது. அவமானமாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் முகம் சுட்டது.

துறைத்தலைவரும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம் என்று கைபேசியை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“வணக்கம். உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் விஷயமாப் பேசறேன்.”

“லிஃப்டுங்களா? நேத்தே நிறுத்தியாச்சுங்களே. படியிலதான் ஏறணும். பேஷன்ட் கூட வர்றீங்களா?”

“இல்லம்மா. ஏன் நிறுத்தினீங்க?”

“நேத்து மத்தியானம் புதுக்கோட்டையில இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. உங்க லிஃப்டுக்கு மணல் மூட்டை வெச்சுப் பிரேக் சோதிச்சாங்களான்னு கேட்டாங்க. எங்களுக்கு எங்கங்க அதெல்லாம் தெரியும்? டாக்டரம்மா வாங்கிப் பேசினாங்க. எங்க ஆஸ்பத்திரியைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு, எந்த ஆஸ்பத்திரின்னே எனக்குத் தெரியாதுங்க, நாமக்கல் சுத்துவட்டாரத்துல பிரசவம் பாக்கற எல்லா இடத்துக்கும் காலையில இருந்து கூப்பிட்டுட்டு இருக்கேன், லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன்னாங்களாம்.”

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

“அப்புறம்?”

“டாக்டரம்மாவுக்கு பயம் வந்துருச்சுங்க. கம்பெனிக்குப் போன் போட்டு, இப்பவே வந்து பாத்தாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடியா நின்னுட்டாங்க. சாயந்தரம் மூட்டையோட வந்தாங்க.”

“பிரேக் பிடிச்சுதாம்மா?”

“பிடிக்கலைங்க. நல்லவேளை, ரொம்ப மேல கொண்டு போகாம வெச்சுப் பாத்திருக்காங்க. தடால்னு வந்து உக்காந்துருச்சு. மூட்டையெல்லாம் கிழிஞ்சு உள்ளெல்லாம் மணலு. இன்னும் கூட்டிட்டுத்தான் இருக்கோம்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “லிஃப்ட்காரரு ஒருத்தரு, மாசா மாசம் வருவாரு, உயரமா இருப்பாரு. அவரு படியில உக்காந்து அழுதுட்டாருங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, எதுக்குங்கண்ணா அழுவறீங்கன்னு நாங்கதான் டீ வாங்கிக் குடுத்தோம்.”

போனை வைத்தேன். தப்பித்தோம் என்ற நிம்மதியும், அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்ற வெட்கமும் மாறி மாறி வந்தன. பிறகு கூடத்தில் ரஹ்மத்து நிஷாவின் பக்கத்தைத் திறந்தேன். அவருக்காவது என் கையால் ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அங்கேயும் என் பெயரில் கருத்து வந்துவிட்டிருந்தது.

‘அன்புள்ள நிஷா, உங்கள் பதில் மிகவும் சுருக்கமாக உள்ளது. ஒரு கேள்வியை மட்டும் எழுப்புவது விவாதமாகாது. பாடத்துடன் தொடர்புபடுத்தவும். பத்துக்கு மூன்று.’

அதற்குக் கீழே, காலையில் அவர் எழுதியிருந்த பதில்:

‘சரி மேடம். அடுத்த வாரம் நீளமா எழுதுறேன்.’